ஆறு டிகிரியில் இறங்கும்போது கடைசி இருபது அடி

குறுகிய ஓடுபாதைக்காகச் செங்குத்தான சரிவில் இறங்கும் சிறிய விமானத்தை எப்படிச் சோதிப்பது என்பதுதான் இங்கே பேச்சு. முதலில் ஒரு சின்னக் கணக்கு. 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் 3 டிகிரி சரிவில் வரும் சிறிய விமானம் விநாடிக்கு 5.3 அடி இறங்குகிறது. அதே வேகத்தில் சரிவை 6 டிகிரி ஆக்கினால் விநாடிக்கு 10.6 அடி. லேண்டிங் கியர் (சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கால்களும்) எவ்வளவு இறக்க வேகத்தைத் தாங்க வேண்டும் என்பதற்கு, 2017 வரை நடைமுறையில் இருந்த, சிறிய விமானங்களுக்கான அமெரிக்க பார்ட் 23 விதிகளில் ஒரு சூத்திரம் உண்டு. இறக்கைச் சுமையை, அதாவது விமான எடையை இறக்கைப் பரப்பால் வகுத்ததை, சதுர அடிக்கு இத்தனை பவுண்டு என்று எடுத்து, அதன் நான்காம் மூலத்தை 4.4-ஆல் பெருக்க வேண்டும். விடை 7 அடிக்குக் குறையக் கூடாது, 10 அடிக்கு மேல் தேவையில்லை. சதுர அடிக்கு 15 பவுண்டு சுமை உள்ள விமானத்துக்கு இது விநாடிக்கு 8.7 அடி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3 டிகிரியில் வருகிற விமானி மூக்கைத் தூக்கவே மறந்துவிட்டாலும் கியர் தாங்கிவிடும். பயணிக்கு முதுகு வலிக்கும், அவ்வளவுதான். 6 டிகிரியில் அதே மறதி நடந்தால், கியர் வடிவமைக்கப்பட்ட ஆற்றலைப்போல் ஒன்றரை மடங்கு அதன்மேல் விழுகிறது. செங்குத்தான அணுகுமுறையைச் சோதிப்பவர்கள் கோணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். கோணத்தைப் பிடித்து வருவது அப்படியொன்றும் கடினமில்லை. சோதனை முழுக்க அந்தக் கோணத்திலிருந்து வெளியே வருகிற இடத்தில்தான் இருக்கிறது, அதாவது தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கி இறக்கத்தைத் தட்டையாக்கும் ஃபிளேரில்.

ஃபிளேரை ஒரு வட்ட வில்லாக நினைத்துக்கொண்டால் போதுமான அளவுக்குச் சரியான விடை கிடைக்கும். 60 நாட்டில், 1.1 ஜி இழுப்பில் (எடையைப்போல் 1.1 மடங்கு தூக்கு விசையில்), அந்த வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 970 மீட்டர். 3 டிகிரியிலிருந்து தட்டையாக்க 4.4 அடி உயரம் போதும். 6 டிகிரியிலிருந்து 17.5 அடி வேண்டும். கோணம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகிறது, ஏனென்றால் கோணத்தின் வர்க்கம்தான் கணக்கில் வருகிறது. பயிற்சி விமானத்தில் கை பழகிய விமானி நாலைந்து அடியில் இழுக்கும் பழக்கத்தோடு 6 டிகிரிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தாமதமாகத் தொடங்கிக் கடினமாக இழுக்கலாமே என்றால், எவ்வளவு இழுக்க முடியும் என்பதை வேகம் தீர்மானிக்கிறது. இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகத்துக்கு ஸ்டால் வேகம் என்று பெயர். அதன் 1.3 மடங்கில் வந்தால் இறக்கை அதிகபட்சம் 1.69 ஜி தரும். 1.2 மடங்கில் 1.44. 1.1 மடங்கில் வெறும் 1.21. இவையும் ஃபிளேர் தொடங்கும் கணத்துக்கான எண்கள்தான். இழுக்க இழுக்க வேகம் குறைகிறது, கையிருப்பும் கரைகிறது. குறுகிய ஓடுபாதைக்காக வேகத்தைக் குறைக்கிறோம், செங்குத்தான சரிவுக்காக அதிக இழுப்பு கேட்கிறோம். இரண்டும் ஒன்றின் கையை மற்றொன்று முறுக்குகின்றன.

இதில் கிடைக்கிற லாபமும் நினைப்பதைவிடக் குறைவு. 50 அடி உயரத்திலிருந்து நேர்க்கோட்டில் தரையைத் தொட 3 டிகிரியில் 291 மீட்டர், 6 டிகிரியில் 145 மீட்டர். பாதியாகிவிட்டது என்று தோன்றும். 1.1 ஜி ஃபிளேரையும் சேர்த்துப் போட்டால் 316 மீட்டரும் 196 மீட்டரும் வருகின்றன. இதில் 5 நாட் கூடுதல் வேகத்தோடு வந்தால், ஓடுபாதைமேல் மிதந்து அந்த 5 நாட்டைக் கழிப்பதற்கே 50 மீட்டருக்கு மேல் போய்விடும். சரிவைச் செங்குத்தாக்கிச் சம்பாதித்த 120 மீட்டரில் ஏறக்குறைய பாதி, வேகமானியின் ஒரு சின்னக் கோட்டளவுப் பிழையில் போகிறது.

ஆகவே சோதனையின் முதல் வேலை வேகமானியை நம்பலாமா என்று பார்ப்பது. மெதுவான வேகத்தில், மூக்கு உயர்ந்த நிலையில், வேகமானிக்கு எதிர்வரும் காற்றின் அழுத்தத்தைத் தரும் பிடோ குழாய்க்குக் காற்று சாய்வாக வருகிறது, சுற்றுக் காற்றின் அழுத்தத்தை எடுக்கும் நிலையழுத்தத் துளையைச் சுற்றிய ஓட்டமும் மாறுகிறது. பெரும்பாலும் வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஸ்டாலின்போது முள் 35 நாட் காட்டுகிறது, பிழை நீக்கிய வேகம் 45 நாட் என்று வைத்துக்கொள்வோம். முள் காட்டியதை அப்படியே எடுத்து 1.3-ஆல் பெருக்கினால் 45.5. பிழை குறைவாக இருக்கும் பகுதியில் அந்த எண்ணை முள்ளில் பிடித்துப் பறந்தால், அணுகு வேகம் என்று நினைத்துக்கொண்டு ஸ்டாலின் வாசலில் நிற்கிறோம். பெருக்கல் எப்போதும் பிழை நீக்கிய வேகத்தில்தான். பெருக்கியபின் அதை முள் காட்டும் எண்ணாகத் திருப்பி மாற்ற வேண்டும். பிழையை அளக்க, ஜி.பி.எஸ். வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் 90 டிகிரி திரும்பி மூன்று திசைகளில் ஒரே வேகத்தில் பறந்து காற்றின் பங்கைக் கழிப்பது மலிவான வழி. ஸ்டாலுக்குப் பக்கத்து வேகங்களில் அது போதாது. விமானத்துக்குப் பின்னால் நீண்ட குழாயில் இழுபடும் கூம்போ, இறக்கை முனையிலிருந்து முன்னால் நீட்டிய கம்பில் சுழலும் பிடோவோ வேண்டும்.

ஸ்டாலைக்கூட ஒழுங்காக அளக்க வேண்டும். முழு ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை), ஈர்ப்பு மையம் முன் எல்லையில், விநாடிக்கு 1 நாட் வீதம் வேகக் குறைப்பு. வேகமாக இழுத்தால் முள் குறைந்த எண்ணைக் காட்டும், பார்க்க அழகாக இருக்கும், பொய். முன் எல்லை ஏன் என்றால், அங்கே வால் கீழ்நோக்கி அதிகமாக அழுத்த வேண்டியிருக்கிறது, அந்தச் சுமையையும் இறக்கையே தூக்குகிறது, அதனால் ஸ்டால் வேகம் கூடுகிறது. ஃபிளேரில், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டர் போதுமா என்ற கேள்வியும் முன் எல்லையில்தான் கழுத்தைப் பிடிக்கும்.

அடுத்து உயரத்தில் ஒத்திகை. தரையிலிருந்து 5000 அடியைப் பொய்த் தரையாக வைத்துக்கொண்டு, அதற்கு மேலே 500 அடியிலிருந்து 4 டிகிரியில் இறங்கி, ஃபிளேர் செய்து, எவ்வளவு உயரம் விழுந்தது, கட்டுப்பாட்டுத் தண்டு எவ்வளவு தூரம் போனது என்று பதிவு செய்ய வேண்டும். பிறகு அரை டிகிரி கூட்டி மறுபடி. முதலில் ஸ்டால் வேகத்தின் 1.5 மடங்கில் முழு வரிசையும், பிறகு 1.4, பிறகு 1.3. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். கோணத்தையும் வேகத்தையும் சேர்த்து மாற்றிவிட்டு, விமானம் தொப்பென்று விழுந்தபின் எது காரணம் என்று தலையைச் சொறிவது வீண். இறக்க வீதமானியை இதற்கு நம்ப வேண்டாம். பல விநாடி பின்தங்கிக் காட்டும் கருவி அது, 6 டிகிரியில் கடைசி 50 அடியோ ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடுகிறது.

இந்த ஒத்திகையில் இன்னொன்றும் தெரிய வரும்: இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் எங்கே இருக்கிறது. முழு ஃபிளாப்போடு, இன்ஜின் ஐடிலில் (மிகக் குறைந்த ஓட்டத்தில்), விமானம் 9 டிகிரியில் சறுக்கும் என்றால், 6 டிகிரியில் வரும்போது கையில் கொஞ்சம் பவர் இருக்கும். மேலே போய்விட்டால் குறைக்கலாம், கீழே போனால் கூட்டலாம். வழவழப்பான கூட்டுப்பொருள் விமானம் முழு ஃபிளாப்பிலும் 10 அடி முன்னேற 1 அடி மட்டும் இறங்கிச் சறுக்கினால், ஐடிலிலேயே அதன் சரிவு 5.7 டிகிரிதான். அதை 6 டிகிரியில் கொண்டுவந்தால் த்ராட்டில் மூடியிருந்தும் வேகம் ஏறும். அந்த விமானத்துக்கு 6 டிகிரி அணுகுமுறை கிடையாது, எத்தனை கெட்டிக்கார விமானி உட்கார்ந்தாலும். பெரிய விமானங்களுக்கான ஐரோப்பிய விதியான சி.எஸ்.-25, அதன் பின்னிணைப்பு க்யூவில், கேட்கும் கோணத்தைவிட 2 டிகிரி கூடுதலான சரிவிலும் பாதுகாப்பாக இறக்கிக் காட்டச் சொல்கிறது. சிறிய விமானத்துக்கும் அதை அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது. பின்காற்று அந்த 2 டிகிரியைச் சாப்பிடும்: 60 நாட் வேகத்தில் 10 நாட் பின்காற்று இருந்தால், தரைக்கு 6 டிகிரி பிடிக்கக் காற்றுக்குள் 7 டிகிரி இறங்க வேண்டும்.

பக்கவாட்டுச் சறுக்கலால், அதாவது விமானத்தை ஒரு பக்கம் சாய்த்து மூக்கை மறுபக்கம் திருப்பி இறங்குவதால், சரிவைக் கூட்டலாம். ஆனால் ஃபிளாப் இறக்கிய நிலையில் சறுக்கினால் வாலின்மேல் விழும் காற்றோட்டம் கலங்கலாம். செஸ்னா 172-இன் சில கையேடுகள் 20 டிகிரிக்கு மேல் ஃபிளாப் இருக்கும்போது செங்குத்தான சறுக்கலைத் தவிர்க்கச் சொல்வது, எலிவேட்டர் லேசாக ஆடத் தொடங்குவதால்தான். டர்போபிராப்பில் (டர்பைன் இன்ஜினால் புரொப்பெல்லரைச் சுழற்றும் விமானத்தில்) புரொப்பெல்லர் பிளேடு கோணத்தைத் தரைக்கான எல்லைக்குள் இழுத்து வேகத்தைக் கொல்வது பெரும்பாலான விமானங்களில் பறக்கும்போது தடை செய்யப்பட்டது. அந்தத் தடையைச் சோதித்துப் பார்க்கிற ஆசை வேண்டாம்.

தரைக்கு வருவோம். வழக்கமான சரிவு விளக்குகள் 3 டிகிரிக்கு வைக்கப்பட்டவை, 6 டிகிரியில் வருபவருக்கு முழுக்க வெள்ளையாகத்தான், அதாவது மிக உயரே இருக்கிறாய் என்றுதான், தெரியும். மாற்றாக இரண்டு பலகைகள் போதும். ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், மோதினால் உடைந்துவிடும் மெல்லிய கால்களில், ஒன்றுக்கொன்று 20 மீட்டர் இடைவெளியில் நிறுத்த வேண்டும். 6 டிகிரிக்கு உயர வித்தியாசம் 2.1 மீட்டர். விமானத்துக்கு அருகில் இருப்பதுதான் உயரமான பலகை, தூரத்தில் இருப்பது தாழ்ந்தது. இதை மாற்றி நிறுத்துகிறவர்கள் உண்டு, முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் தெரிந்தால் சரியான சரிவு. தூரப் பலகை மேலே எட்டிப் பார்த்தால் விமானம் உயரே இருக்கிறது, மறைந்துபோனால் தாழ்ந்துவிட்டது. இடைவெளி ஏன் 20 மீட்டர்? 400 மீட்டர் தொலைவில் கண்ணால் பிரித்தறிய முடிவது சுமார் 12 சென்டிமீட்டர். 20 மீட்டர் இடைவெளியில் அது மூன்றில் ஒரு டிகிரி. 10 மீட்டர் வைத்தால் மூன்றில் இரண்டு டிகிரி பிழைகூடக் கண்ணில் படாமல் போகும். 30 மீட்டர் வைத்தால் இன்னும் துல்லியம்தான், ஆனால் 3 மீட்டருக்கு மேல் உயரமான பலகையைக் காற்றில் நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

விமானத்துக்குள் வேண்டியவை அதிகமில்லை. விநாடிக்கு 10 முறையாவது பதியும் திருத்தம் பெற்ற ஜி.பி.எஸ்., ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்தில் முடுக்கமானி, எலிவேட்டர் நிலையையும் த்ராட்டில் நிலையையும் அளக்கும் கம்பி உணரிகள், வயிற்றுக்கு அடியில் லேசர் உயரமானி. ஓடுபாதைக்கு வெளியே, தொடும் இடத்துக்கு நேர் செங்குத்தாக ஒரு கேமரா. சக்கரம் எந்தச் சட்டகத்தில் தரையைத் தொட்டது என்பதை எந்த உணரியையும்விட அது தெளிவாகச் சொல்லும். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். அரை விநாடி தள்ளியிருந்தால் 15 மீட்டர் போயிற்று.

முதல் தரையிறக்கங்கள் நீண்ட ஓடுபாதையில்தான். நீண்ட ஓடுபாதையின் நடுவில் கோடு போட்டு, அதையே குறுகிய ஓடுபாதையாகப் பாவிக்கலாம். காற்று அமைதியாக இருக்கும் அதிகாலை நேரம் வேண்டும். காற்றடிக்கும் நாளில், உயரே 15 நாட் எதிர்காற்று தரையருகே 7 ஆகக் குறைந்தால், விமானம் 8 நாட்டை இழக்கிறது. செங்குத்தான சரிவில் அந்த இழப்பு பாதி நேரத்துக்குள் நடந்துவிடும், கை அதற்குள் ஈடுகொடுக்காது.

மறுபடி மேலெழும்புவதைத் தரையிறக்கத்துக்கு முன்பே சோதித்துவிட வேண்டும். முடிவெடுக்க 1 விநாடி, டர்போபிராப் இன்ஜின் ஐடிலிலிருந்து எழுந்து வர 3 விநாடி என்று வைத்தால், 6 டிகிரியில் அதற்குள் 42 அடி போய்விடும். வளைந்து மேலே திரும்ப இன்னும் 17 அடி. மொத்தம் 60 அடிக்குக் கிட்ட. அதற்குக் கீழே முடிவெடுத்தால் சக்கரம் எப்படியும் தரையைத் தொடும். இன்னொரு பொறி டிரிம், அதாவது விமானி விசை கொடுக்காமலே மூக்கை ஒரு நிலையில் நிறுத்தி வைக்கும் அமைப்பு. மெதுவான வேகத்துக்காக மூக்கை உயர்த்தி டிரிம் வைத்திருக்கும் நிலையில் முழு பவர் கொடுத்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஒரு கை த்ராட்டிலில் இருப்பதால் தள்ளுவதற்கு மற்றொரு கைதான். பழைய பார்ட் 23, விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தில் ஒரு கையால் கொடுக்கும் தற்காலிக விசைக்கு 50 பவுண்டு வரம்பு வைத்திருந்தது. விசைமானியைக் கையில் பிடித்து, பத்திரமான உயரத்தில், இதை அளக்காமல் தரைப் பக்கம் போகக் கூடாது.

புரொப்பெல்லரில் தொங்கிக்கொண்டு வரும் அணுகுமுறை பற்றி ஒரு வார்த்தை. நிறைய பவர், உயர்ந்த மூக்கு, 1.3 மடங்குக்கும் குறைந்த வேகம். புரொப்பெல்லரின் காற்று ஃபிளாப்பின்மேல் அடிப்பதால் ஸ்டால் வேகம் குறைகிறது, தரையிறங்கும் தூரம் வியக்கும்படி சுருங்குகிறது. போட்டிகளில் பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் அந்த இன்ஜின் இருமினால் இறக்கையின் தூக்கு விசையும் வாலின் பலமும் ஒரே நொடியில் போகின்றன. மூக்கு விழும், அதைத் தூக்க எலிவேட்டரில் காற்று இருக்காது. 15 அடியில் பழக்கதோஷத்தில் த்ராட்டிலைப் படக்கென்று மூடினாலும் இதேதான் நடக்கும். இந்த முறையில் கிடைத்த தூரத்தைக் கையேட்டில் அச்சிடுவது, என்னைக் கேட்டால், வாங்குபவரை ஏமாற்றுவது.

சக்கரம் தொட்டபின் கதை பிரேக்கினுடையது. 55 நாட்டில் தொட்டு, சராசரி 0.3 ஜி வேகக் குறைப்பு கிடைத்தால் 136 மீட்டரில் நிற்கும். ஈரப் புல்லில் அது 0.15 ஆனால் 272 மீட்டர். தொட்டவுடனே இறக்கை இன்னும் பாதி எடையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது, அப்போது பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு டயரில் தட்டை விழும். ஃபிளாப்பை உடனே மேலேற்றினால் எடை சக்கரத்துக்கு வரும். ஆனால் மடக்கும் கியர் உள்ள விமானத்தில் அவசரத்தில் கை தவறி கியர் லீவருக்குப் போன விபத்துகள் உண்டு, அதனால் அங்கே இந்தத் தந்திரம் வேண்டாம். தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று) எடுத்த டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் வரும் நாட். 25 பி.எஸ்.ஐ. டயர் 45 நாட்டிலேயே மிதக்கும். கரடுமுரடான தரைக்காக 9 பி.எஸ்.ஐ.யில் ஓட்டும் பெரிய மென் டயர் 27 நாட்டில். சேற்றுக்கும் கல்லுக்கும் நல்லதாயிருக்கும் டயர் நனைந்த தார்ப்பாதையில் கைவிடும். குறைந்தது ஆறு தரையிறக்கங்களை ஒரே டயர், ஒரே பிரேக்கோடு செய்வது வழக்கம். புதுப் பிரேக்கின் முதல் நிறுத்தத்தை மட்டும் காட்டிக் கணக்கை ஒப்பேற்றக் கூடாது என்பதற்காக.

மலை ஓடுபாதைகளில் இதே எண்கள் வேறு முகம் காட்டும். நேபாளத்தின் லுக்லா 2845 மீட்டர் உயரத்தில், 527 மீட்டர் நீளத்தில், 11.7 சதவீத ஏற்றத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில், தர வளிமண்டலத்தில்கூட (கணக்குக்கென வகுத்த சராசரி வளிமண்டலம்), முள் 70 நாட் காட்டும்போது உண்மை வேகம் 80 நாட். நிறுத்த வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஏற்றம் நிறுத்த உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 11.7 சதவீதம் என்பது 6.7 டிகிரி. சாதாரண 3 டிகிரியில் வந்தாலும் ஃபிளேரில் 9.7 டிகிரி திருப்ப வேண்டும், 1.2 ஜி இழுத்தால்கூட அந்த வளைவு 146 மீட்டர் நீளும். போதாக்குறைக்கு, ஏறும் ஓடுபாதை கண்ணுக்கு நாம் உயரே இருப்பதுபோல் காட்டி விமானியைத் தாழ இழுக்கும். பிரெஞ்சு ஆல்ப்ஸின் கூர்ஷெவெல் 537 மீட்டர் நீளம், 18.5 சதவீத ஏற்றம். சமதரையில் சோதித்த 6 டிகிரியை அங்கே அப்படியே கொண்டுபோக முடியாது. மறுபக்கம் லண்டன் சிட்டி விமான நிலையம். அங்கே அணுகு சரிவு 1987-இல் திறந்தபோது 7.5 டிகிரியாக இருந்து, ஓடுபாதை நீண்டபின் 5.5 டிகிரியானது. அங்கே தரை சமம், அதனால் சிக்கல் முழுக்கக் கோணத்தினுடையது மட்டும்.

கடைசியாகக் காகித வேலை. இருபது தரையிறக்கங்களின் சராசரி 400 மீட்டர் என்று வந்தால், அந்த 400-ஐவிட ஒவ்வொன்றும் எவ்வளவு சிதறியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 380-க்கும் 420-க்கும் இடையில் நின்றால் அது விமானத்தின் குணம். 330-இலிருந்து 520 வரை போனால் அது ஃபிளேரின் குணம், கோணத்தைக் குறைக்க வேண்டும் என்று பொருள். சிதறலில் மிக நல்ல ஐந்தை மட்டும் பொறுக்கி எடுப்பது பழைய வியாதி. 400-ஐயே எடுத்தாலும், சோதனை விமானி, அமைதிக் காற்று, உலர்ந்த தார்ப்பாதை ஆகிய மூன்றும் சேர்ந்து தந்த எண் அது. பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் தனியார் விமானிகளுக்குச் சொல்லும் பெருக்கெண்களின்படி ஈரப் புல்லுக்கு 1.35, அதன்மேல் பாதுகாப்புக்கு 1.43. பெருக்கினால் 400 மீட்டர் 772 ஆகிறது. கையேட்டின் தரையிறக்க அட்டவணைக்குக் கீழே, எந்தச் சரிவில், எந்த வேகத்தில், எத்தனை அடியில் ஃபிளேர் தொடங்கி அந்த எண் எடுக்கப்பட்டது என்று ஒரு வரி அச்சாக வேண்டும். அட்டவணையின் அதே எழுத்தளவில்.